மலையேறும் முன்... வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மே கடைசியில் குடும்பத்தோடு மணாலி போகிறோம். பனி இருக்குமா? ரோத்தாங் கூட்டிப் போவதாக டாக்ஸிக்காரர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஊருக்குள் பனி இருக்காது. மணாலி சுமார் 2,050 மீட்டர்தான். மே மாதம் பகலில் ஸ்வெட்டரே தேவைப்படாது. பனி பார்க்க 3,978 மீட்டரில் உள்ள ரோத்தாங் கணவாய்க்குத்தான் ஏற வேண்டும், அதுவும் பாதை திறந்திருந்தால். வண்டிக்கு ஆன்லைன் பெர்மிட் கட்டாயம். ஒரு நாளைக்கு 1,200 வண்டிகள் என்று உச்சவரம்பு. அதில் 800 பெட்ரோல், 400 டீசல். செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள், அன்றைக்குத் திட்டம் போடாதீர்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் பெர்மிட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதியும் வண்டி எண்ணும் பொருந்த வேண்டும். பெர்மிட் கிடைக்காத டாக்ஸிக்காரர்கள் சிலர் அடல் சுரங்கம் வழியாக, அதற்கு அப்பால் உள்ள சிஸ்ஸு கிராமம் வரை போய்வந்து, அதையே ரோத்தாங் கணக்கில் எழுதிவிடுவார்கள். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் கணவாய்க்கு அடியில் போகிறது. அதற்கு ரோத்தாங் பெர்மிட் வேண்டாம். கண்டுபிடிக்க ஒரே வழி: மணாலியிலிருந்து போகும் வழியில் உள்ள பல்சான் கிராமம் தாண்டி வண்டி இடப்பக்கம் சோலாங்குக்குத் திரும்பினால் சுரங்கம். கோத்தி, குலாபா, மர்ஹி என்று ஏறினால் ரோத்தாங்.

போய் இறங்கிய மறுநாளே ஏறாதீர்கள். ஒரே காலையில் 1,900 மீட்டர் ஏறும்போது தலைவலி, குமட்டல் வரலாம், குழந்தைகளுக்கும்தான். வயிறு முட்டச் சாப்பிடாமல் கிளம்புங்கள், குழந்தைகளை மேலே ஓட விடாதீர்கள். தலைவலி கூடினால் மாத்திரையைப் போட்டுச் சமாளிக்காமல் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

கேள்வி: பனிக்கோட்டு, பூட்ஸ் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். மலைப்பாதையோரக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். கோட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். கிழிசல் இருந்தால் போடும் முன்பே கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள், திருப்பும்போது தகராறு வராது. கம்பூட் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். ரப்பர் என்பதால் வேர்வை வெளியேறாது, கால் ஈரமாகிச் சில்லிட்டுப்போகும். மாற்றிக்கொள்ள உலர்ந்த கம்பளிச் சாக்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி கையில் இருக்கட்டும்.

கேள்வி: மணாலியிலிருந்து இரவு பஸ், மறுநாள் காலை 10 மணிக்கு டெல்லியில் சென்னை விமானம். சரிப்படுமா?
– வாசகர், கோவை

பதில்: சரிப்படாது. வால்வோ பஸ்ஸே 12 முதல் 14 மணி நேரம் எடுக்கும். மழை, மண்சரிவு, வார இறுதி நெரிசல் எல்லாம் தனி. இரவு விமானத்துக்கு மாற்றுங்கள். மணாலிக்குப் பக்கத்தில், குலு அருகே உள்ள பூந்தர் விமான நிலையத்தை நம்பியும் கணக்குப் போடாதீர்கள். குறுகிய பள்ளத்தாக்கு, சின்ன விமானம். மேகம் இறங்கினால் ரத்துதான்.