பேத்திக்கு ஒன்றும் ஆகாது. அம்மாவின் கிட்னியைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. 12 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நெஞ்சுவலிக்காகப் புதுச்சேரியில் சி.டி. ஆஞ்சியோ எடுத்தோம். எனக்கு லீவு கிடைக்காததால் பக்கத்து வீட்டு அக்காவோடு அனுப்பினேன். பஸ்ஸில் அவசரம் வந்துவிடும் என்று அம்மா வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்கவில்லையாம்; வந்ததும் படுத்துவிட்டார். கதிர்வீச்சு இருக்கும் என்று மனைவி எட்டு மாதக் குழந்தையை மூன்று நாள் அம்மாவிடம் விடவில்லை. அது சரிதானா? அடைப்பு தெரிவதால் அடுத்த மாதம் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: சரியில்லை. மெஷின் நின்றதும் எக்ஸ்ரேயும் நின்றுவிடும், உடம்பில் தங்காது. டெக்னீசியம் ஊசி போட்டு எடுக்கும் நியூக்ளியர் ஸ்கேன் வேறு. அதன் கதிர்வீச்சு பாதியாகவே 6 மணி நேரம் ஆகும் என்பதால், அன்று மட்டும் கைக்குழந்தையை மடியில் வைக்க வேண்டாம் என்பார்கள். அம்மாவுக்கு எடுத்தது அதுவல்ல.

தம்பி, "குடிக்கவில்லையாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'யாம்' ஒன்றே போதும், நீங்கள் பக்கத்தில் இல்லை என்று சொல்ல. கடிதத்திலேயே பயப்பட வேண்டிய வரி அதுதான். அதைத் தாண்டிப் போய்க் குழந்தையைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

ரத்தக்குழாய் படத்தில் தெரிய, அயோடின் கலந்த மருந்தைக் கைநரம்பில் ஏற்றுகிறார்கள். அதை வெளியே தள்ளுவது கிட்னி. நல்ல கிட்னி ஒரே நாளில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். பன்னிரண்டு வருடச் சர்க்கரையில் அடிபட்ட கிட்னி, அதுவும் தண்ணீர் இல்லாமல் வறண்டு கிடந்தால், திணறும். கிட்னி கழிக்க வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் ஓரிரு நாளில் ஏறத் தொடங்கி 3 முதல் 5 நாளில் உச்சத்துக்குப் போகும். வலியோ காய்ச்சலோ காட்டிக் கொடுக்காது. கிட்னி அப்படிச் சுணங்கினால் மெட்ஃபார்மினும் வெளியேறாமல் சேர்ந்து, ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும். வாந்தி, அசதி, வேகமான மூச்சு வரும். அதனால்தான் கிட்னி பலவீனமானவர்களுக்கு ஸ்கேன் அன்று மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்துத் திரும்பக் கொடுப்பார்கள். குழந்தையைத் தள்ளி வைத்த மூன்று நாளில் நீங்கள் பார்த்திருக்க வேண்டியது இதை.

அம்மா ஏன் குடிக்கவில்லை? வீம்பினால் அல்ல. அந்த மருந்து ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதுபோலவே தோன்றும். போயிருக்காது. முன்பே சொல்லாவிட்டால் அந்த வயதுப் பெண் கூசிப்போய்விடுவார். அதற்கு மேல் கடலூருக்கு பஸ். இதைப் பெற்ற பிள்ளையிடம் எந்தத் தாயும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொல்லாமலே புரிந்து ஏற்பாடு செய்வது பிள்ளையின் கடமை. பக்கத்து வீட்டு அக்காவின் கடமையல்ல.

அடுத்த மாதம் அதே மருந்து மறுபடி ஏறும், இந்த முறை நேராக இதயத் தமனிக்குள். எனவே இந்த வாரமே கிரியேட்டினின் பாருங்கள். முடிவையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டி, மெட்ஃபார்மினை எப்போது நிறுத்துவது, எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். அது கிட்னிக்கு இரண்டாவது அடி.

ஆஞ்சியோ முடிந்ததும் மணிக்கு ஒரு டம்ளர் வீதம், படுக்கும்வரை ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். இதயத்தின் பம்பிங் குறைவு, கால் வீக்கம் என்று டாக்டர் தண்ணீரை அளந்து கொடுத்திருந்தால் மட்டும் அவர் சொன்ன அளவு. சிறுநீர் குறைந்தாலோ, முகம் வீங்கினாலோ, தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்தாலோ உடனே மருத்துவமனை.

குழாய் விட்ட கையால் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கக் கூடாது. குழந்தை மடியில் உட்காரட்டும், அம்மா தூக்க வேண்டாம். மணிக்கட்டில் ரத்தம் கசிந்தால் விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்திக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

திரும்பும்போது பஸ் வேண்டாம், கார் பிடியுங்கள். ஏறுவதற்கு முன் ஒருமுறை, தவளக்குப்பத்திலோ கிருமாம்பாக்கத்திலோ ஒருமுறை, அவர் கேட்காமலே கழிவறை இருக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். மனைவியும் கூட வரட்டும். லீவை இன்றே எழுதிக் கொடுங்கள்.