காரியமும் கவுன்சலிங்கும் ஒரே கோடையில்

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு சாவு. பதினாறாம் நாள் முடிவதற்குள் கல்லூரி விண்ணப்பம் வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு மனநலத்திலும் மாணவர் சேர்க்கையிலும் பழகிய எங்கள் ஆலோசகர்களின் பதில்கள் இங்கே.

ஏப்ரல் கடைசியில் என் கணவர் மாரடைப்பில் தவறிவிட்டார். ஒரே மகன். கொள்ளி வைத்ததிலிருந்து காரியம் வரை எல்லாம் செய்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இப்போது ராத்திரி மூன்று மணி வரை போனில் கேம், சிரிப்புச் சத்தம் வேறு. 'கல்நெஞ்சுக்காரன்' என்கிறார் நாத்தனார். எனக்கும் பயமாக இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

நாத்தனாரின் வார்த்தை பையன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதில் துக்கம் அழுகையாக வருவதைவிட எரிச்சலாக, தலைவலியாக, வயிற்றுவலியாக, தூக்கம் தலைகீழாவதாக வருவதே அதிகம். 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரு உளவியலாளர்கள் இதைத் தெளிவாக எழுதினார்கள்: இழந்தவர் மனம் கொஞ்ச நேரம் இழப்பில் கிடக்கும், கொஞ்ச நேரம் அதை விட்டு வெளியே வந்து மூச்சு வாங்கும், திரும்பப் போகும். நண்பர்களோடு கேம் ஆடிச் சிரிப்பது அந்த மூச்சு வாங்கல்தான். அதைப் பிடுங்கினால் பிள்ளை துக்கத்துக்குள் போக மாட்டான், அறைக்குள் இன்னும் ஆழமாகப் போவான்.

ஆனால் தூக்கத்தை விடக் கூடாது. "சீக்கிரம் படு" என்பது எடுபடாது. எழுந்திருக்கும் நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலை எட்டுக்கு எழுப்பி, அவன் செய்தே தீர வேண்டிய ஒரு சின்ன வேலை கொடுங்கள்: பால் வாங்குவது, மாடித் தொட்டியில் தண்ணீர் பார்ப்பது. ஒரு வாரம் பத்து நாளில் படுக்கும் நேரம் தானாக முன்னே வரும். பேச வேண்டுமென்றால் எதிரில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, வெங்காயம் உரிக்கும்போது, முகம் பார்க்காத நேரத்தில் இந்த வயதுப் பிள்ளைகள் பேசுவார்கள். நீங்கள் அவன் முன்னால் அழுவதில் தப்பில்லை. "இனிமே நீதான் இந்த வீட்டுக்கு அப்பா" என்று எந்தப் பெரியவரும் சொல்ல விடாதீர்கள். அந்த ஒரு வரியில் அழும் உரிமையே போய்விடுகிறது.

தேர்வு முடிவு வரும் மே மாதக் காலை இந்தக் கோடையின் கடினமான நாளாக இருக்கும். மதிப்பெண்ணை முதலில் யாரிடம் சொல்வது என்று கை தானாக அப்பா எண்ணுக்குப் போகும். அன்று வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். போனை ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு "அப்பா இருந்திருந்தா..." என்று தொடங்கும் அழைப்புகளை அவரே பேசி முடிக்கட்டும். ஜூன் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம். எல்லார் ஸ்டேட்டஸிலும் அப்பாக்கள் வருவார்கள் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் அறவே கெட்டால், குடி தொடங்கினால், "நானும் போயிட்டா நல்லாருக்கும்" என்ற பேச்சு வந்தால், ஆசையாக வைத்திருந்த பொருட்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால். கடைசி இரண்டில் காத்திருக்கவே வேண்டாம். அன்றே அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அன்றிரவு பையனைத் தனியே விடாதீர்கள். மற்றபடி, துக்கம் ஆறு மாதத்தைத் தாண்டியும் அன்றாடத்தை முடக்கினால்தான் மருத்துவர்கள் அதைத் தனி நோயாகக் கணக்கெடுப்பார்கள். உங்கள் மகனுக்கு இன்னும் ஆறு வாரம்கூட ஆகவில்லை.

அக்கா வீட்டுக்காரர் இறந்து இருபது நாள் ஆகிறது. அக்கா வெளியே வரும் நிலையில் இல்லை. மருமகளின் பொறியியல் விண்ணப்பத்தில் மச்சான் போன் எண்தான் இருக்கிறது. என்னென்ன சான்றிதழ், எந்த வரிசையில் வாங்க வேண்டும்?
– வாசகர், விருதுநகர்

முதலில் இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை; 30 நாளைத் தாண்டினால் மேலதிகாரி அனுமதி என்று இழுக்கும். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்பியிருப்பார்கள், போய் உறுதி செய்தால் போதும். வீட்டில் என்றால், கிராம ஊராட்சிப் பகுதியில் கிராம நிர்வாக அலுவலரிடம் நாளைக்கே போய்விடுங்கள். சான்றிதழில் பெயர் ஆதாரில் உள்ளபடியே, இனிஷியல் உட்பட இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வங்கியில் தொடங்கி வாரிசுச் சான்று வரை ஒவ்வொரு மேசையிலும் திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்தது அந்த சிம். அதை யாரும் எடுத்து உடைக்கவோ மூலையில் போடவோ வேண்டாம். தொண்ணூறு நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். பிறகு வேறொருவருக்கே கொடுத்தும் விடலாம். ரீசார்ஜ் செய்து மருமகள் கையில் எட்டும் இடத்தில் வையுங்கள். கவுன்சலிங் ஓ.டி.பி. மட்டுமில்லை, இ-சேவையில் சான்றிதழ் கேட்கும்போது உருவாகும் 'கேன்' எண்ணும் பெரும்பாலும் குடும்பத் தலைவர் போனோடுதான் இணைந்திருக்கும். விண்ணப்ப எண்ணோடு மாவட்டத்திலுள்ள கவுன்சலிங் சேவை மையத்துக்குப் போய், தொடர்பு எண்ணை மருமகள் பெயரிலோ அக்கா பெயரிலோ உள்ள எண்ணாக மாற்றக் கேளுங்கள். அதே எண்ணுக்கு வரும் வங்கி ஓ.டி.பி.யை வைத்தோ, ஏ.டி.எம். கார்டை வைத்தோ இறந்தவர் கணக்கிலிருந்து பணம் எடுப்பது வேறு விஷயம். அவசரத்தில் பலர் செய்கிறார்கள். பிற்பாடு பங்காளிகளில் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் இருக்காது. நாமினி வழியாகக் கேட்டு வாங்குவதே சரி.

மருமகளின் சாதிச் சான்று அப்பா பெயரில் இருப்பதால் மாற்ற வேண்டியதில்லை, அப்படியே செல்லும். எந்தப் படிவத்திலும் அப்பா பெயருக்கு முன் 'லேட்' என்று போடாதீர்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரோடு பொருந்தாமல் சரிபார்ப்பில் நின்றுவிடும். வருமானச் சான்று மட்டும் புதிதாக வாங்க வேண்டும்: பழையதில் இருப்பது மச்சானின் வருமானம். புதியதில் அக்காவின் வருமானம்தான் வரும், அதனால் இதுவரை கிடைக்காத உதவித்தொகைக்கும் தகுதி வரலாம். குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றும் கேளுங்கள். இந்தக் கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான்; நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பெண் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இருக்கின்றன. ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதி, பேருந்துச் செலவையும் அரசே ஏற்கும்.

வாரிசுச் சான்று கவுன்சலிங்குக்குத் தேவையில்லை. பணத்துக்குத் தேவை, அதனால் ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. அதில் அடிக்கடி நடக்கும் தவறு, மச்சானின் அம்மா உயிரோடு இருந்தும் அவர் பெயரை விட்டுவிடுவது. அவரும் சட்டப்படி வாரிசு. விட்டால் விசாரணையில் விண்ணப்பம் விழும்.

இன்னொன்று, மச்சானின் பாஸ்புக்கை எடுத்து மே கடைசி, ஜூன் தொடக்கப் பக்கங்களைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா? இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம் ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் நாமினிக்கு வரும். எப்போதோ வங்கியில் கையெழுத்துப் போட்டதோடு மறந்துபோன பாலிசி என்பதால் பல வீடுகளில் கேட்காமலே போகிறது. வருங்கால வைப்பு நிதி பிடித்த வேலையில் இருந்தவர் என்றால் சேமிப்பு தவிர இ.டி.எல்.ஐ. காப்பீடு, அக்காவுக்கு ஓய்வூதியம், பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனி ஓய்வூதியம் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். கல்விக் கடனில் 4 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது. அக்கா இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும்.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடும்மா" என்றார். எனக்கு சிவில்தான் பிடிக்கும். "கடைசி ஆசையைக்கூட நிறைவேத்த மாட்டியா" என்று சித்தப்பா கேட்கிறார்.
– மாணவி, 17, தஞ்சாவூர்

அப்பா அன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னார். அவர் இருந்திருந்தால் நீ அவரோடு வாதாடியிருப்பாய், பாதியில் அவர் மனசும் மாறியிருக்கலாம். அந்த வாதத்தை இப்போது சித்தப்பாவிடம் நடத்தாதே, ஜெயிக்க முடியாது. விருப்பப் பட்டியலை எழுது. எத்தனை கல்லூரி, எத்தனை பிரிவு வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம். நல்ல கல்லூரிகளின் சிவிலை மேலே வை. உன் கட்-ஆஃபுக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரிகளில் சிவிலையும் கம்ப்யூட்டரையும் அடுத்தடுத்து வை. கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்துப் பதி. ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டே நாள்தான். அந்த இரண்டு நாளில் வீட்டில் திதியோ படையலோ வருகிறதா என்று இப்போதே பார்த்து வை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு வரும் உன் மதிப்பெண்ணுக்கு எது கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு, சண்டையே தேவைப்படாமலும் போகலாம்.

அண்ணன் மகனைக் கல்லூரிகள் பார்க்க அழைத்துப் போக வேண்டும். எதைப் பார்ப்பது? குடும்பமாகப் போவதா, நான் மட்டும் போவதா?
– வாசகி, ஈரோடு

யார் வர வேண்டும் என்று அவனைக் கேளுங்கள். ஒருவர் போதும். காரில் ஐந்து பேர் ஏறினால் துக்கம் விசாரித்த கூட்டம் அப்படியே இடம் மாறியதாகத்தான் இருக்கும். மொட்டை போட்ட தலை இன்னும் வளர்ந்திருக்காது, வரவேற்பறையில் "பழனியா, திருப்பதியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். "அப்பா தவறிட்டார்" என்று அவனே ஒரு வரியில் சொல்லப் போகிறானா, நீங்கள் சொல்வதா, தொப்பி போதுமா என்று வண்டியிலேயே பேசிவிடுங்கள். சுற்றிலும் மற்ற பிள்ளைகள் அப்பாவோடு வருவார்கள். அதைப் பார்த்து அவன் சட்டென்று "போலாம் அத்தை" என்றால் கிளம்பிவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கல்லூரிக்கு மேல் வேண்டாம், வெயிலுக்கு முன் ஒன்று, மாலை நாலுக்கு மேல் ஒன்று.

மே மாதத்துக் கல்லூரி பளபளவென்றுதான் இருக்கும், மாணவர்கள் விடுமுறையில் போயிருப்பார்கள். தேர்வு நடக்கும் நாளிலோ, சீனியர்கள் திரும்பிய பிறகோ போங்கள். வாசலில் உள்ள டீக்கடையில் மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடம் பத்து நிமிடம் பேசுவது, உள்ளே காட்டும் ஒரு மணி நேர வீடியோவைவிட மேல். "அதிகபட்ச சம்பளம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள், அது ஒரே ஒருவர் வாங்கியது. "இந்தப் பிரிவில் போன வருடம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பிரிவுவாரியாகத் தருவது. கல்லூரி போர்டில் போட்டிருந்தாலும் உங்கள் பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகத்தில் கருவிமேல் உறை போட்டுப் புத்தம் புதிதாக இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். விடுதியில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டைப் பாருங்கள். கல்விக் கட்டணம் தவிர பேருந்து, பயிற்சி, சீருடை என்று தனியாக வாங்குவதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

சாவு வீடு என்று தெரிந்தே தேடி வரும் ஏஜென்ட்கள் உண்டு. "இன்னிக்கு அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி" என்றால் பணமும் வேண்டாம், அசல் டி.சி.யும் வேண்டாம். கட்டிவிட்டீர்கள் என்றாலும், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. அதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அப்பாவை இழந்த பிள்ளைகளைக் கொடைக்கானல் கூட்டிப்போகலாம் என்றால், வருடம் திரும்பும் வரை மலை ஏறக் கூடாது என்கிறார் மாமியார்.
– வாசகி, மதுரை

அந்த வழக்கம் பெரும்பாலான குடும்பங்களில் மலைக்கோயிலுக்கும் திருவிழாவுக்கும்தான். மாமியாரிடம் "கோயிலுக்குப் போகலை அத்தை, காத்தாட கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் மனசு ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மகனைப் பறிகொடுத்தவர் அவர். வேறு இடமா இல்லை? வைகை அணைப் பூங்காவுக்கு அரை நாள் போதும். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் குற்றாலம்.

கொடைக்கானல்தான் என்று முடிவானால் மே கூட்டத்தை விட்டு ஜூனில் ஒரு வார நாளில் போங்கள். சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்துக்குத் தேவையில்லை. ராத்தங்கல் வேண்டாம். பழக்கமில்லாத அறையில் இரவு பத்து மணிக்கு மேல்தான் பிள்ளைகள் உடைவார்கள். உங்கள் கணவர் எப்போதும் கூட்டிப்போகும் இடத்தை, பிள்ளைகளே கேட்டாலொழிய, முதல் பயணத்தில் சேர்க்காதீர்கள். முன் சீட்டில் யார் உட்காருவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரும் தயங்கி நிற்கும் அந்த நிமிடம் வேண்டாம். குரூப் போட்டோவுக்கு வற்புறுத்த வேண்டாம்.

ஏப்ரலில் அப்பா தவறிவிட்டார். ஆகஸ்டில் ஹாஸ்டல் போக வேண்டும். அம்மாவைத் தனியாக விட்டுப் போவது துரோகம் மாதிரி இருக்கிறது.
– மாணவர், 18, தூத்துக்குடி

அம்மாவிடம் இதைக் கேட்டாயா? முதலில் கேள். போவதற்கு முன் இரண்டு வேலை முடி: சிலிண்டர் பதிவு, மின்கட்டணம், வங்கி ஆப் மூன்றையும் அம்மாவே தன் போனில் செய்யும்படி பழக்கு, நீ செய்து கொடுக்காதே. போன் பேச ஒரே ஒரு நேரம் வைத்துக்கொள், இரவு எட்டரை மாதிரி. நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டால் இருவருமே எந்நேரமும் காத்துக்கொண்டிருப்பீர்கள். முதல் மாதத்தில் வகுப்பு ஆலோசகரிடம் அப்பா தவறியதைச் சொல்லிவிடு, இல்லையென்றால் வருகைப் பதிவு குறையும்போது காரணம் சொல்ல ஆள் இருக்காது. அப்பா ஏப்ரலில் தவறியதாக எழுதியிருக்கிறாய். வருடத் திதி ஆங்கிலத் தேதிக்குப் பல நாள் முன்னோ பின்னோ வரும். இரண்டாம் செமஸ்டர் தேர்வும் ஏப்ரல், மே-யில்தான். புரோகிதரிடம் தேதியை இப்போதே வாங்கி வை. தேர்வு அட்டவணை வந்ததும் ஒப்பிட்டுப் பார். மோதினால் சடங்கின் நேரத்தைத்தான் பேசி மாற்ற முடியும், தேர்வை மாற்ற முடியாது.