எட்டு லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு

கேள்வி: ஐரோப்பாவை அமெரிக்கா கைகழுவப் போகிறது, நேட்டோ இன்னும் இரண்டு வருடம்கூடத் தாங்காது என்கிறார்களே, உண்மையா? சீனாவும் பாகிஸ்தானும் இரண்டு பக்கமும் நிற்கும்போது, நாமும் அமெரிக்காவோடு ராணுவக் கூட்டணி வைத்துக்கொண்டால் நிம்மதிதானே?
– ஒரு வாசகர், தக்கலை.

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதைத் தக்கலைக்காரர் கேட்பதுதான் வேடிக்கை. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் போய் மான் பார்த்திருப்பீர்கள். அங்கேயே டிலனாயின் கல்லறையும் இருக்கிறது, லத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி அவர், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி ஆனார். எதிரியின் ஆளைக் கொண்டே தன் படையைக் கட்டிக்கொண்ட கெட்டிக்கார அரசு அது.

அதே அரசு அரை நூற்றாண்டு கழித்து என்ன செய்தது? 1789 கடைசியில் திப்பு தாக்கியதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையைப் பிடித்தது. கம்பெனி திப்புவோடு போருக்குப் போனது, இல்லை என்று சொல்ல முடியாது. பின்னாலேயே பில்லும் வந்தது. 1795-ல் ஒரு உடன்படிக்கை. 1805-ல் அதைத் திருத்தி, ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். பணம் வராவிட்டால் நிர்வாகத்திலேயே கை வைக்கலாம் என்று ஒரு ஷரத்து வேறு. அதற்குச் சம்மதித்த தளவாய், அதாவது முதலமைச்சர், நம் தலக்குளத்து வேலுத்தம்பிதான். பாக்கி கேட்டு, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலே கழுத்தை நெரித்தபோது கலகத்தில் இறங்கியவரும் அவரேதான். (கல்வித் திட்டத்து மெக்காலே இல்லை, அவருடைய பெரியப்பா காலின் மெக்காலே.) 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. காப்பதற்கென்று காசு வாங்கிய அதே கம்பெனியின் படை.

பழங்கதை என்பீர்களா? சரி, பாகிஸ்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954-ல் சீட்டோ, 1955-ல் பாக்தாத் ஒப்பந்தம் என்று அமெரிக்கா பின்னால் நின்ற இரண்டு ராணுவக் கூட்டணிகளிலும் சேர்ந்தது. 1965-லும் 1971-லும் நம்மோடு மோதியபோது இரண்டு கூட்டணியும் படை அனுப்பவில்லை. 1971 டிசம்பரில் அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படையிலிருந்து ஒரு பிரிவு வங்காள விரிகுடாவுக்கு வந்து நின்றது, டாக்காவில் சரணாகதி நடந்தது, கப்பல்கள் திரும்பிப் போயின. அந்த ஆகஸ்டில் இந்திரா காந்தி அரசு சோவியத்தோடு போட்ட ஒப்பந்தத்திலோ, ஆபத்து வந்தால் உடனே கலந்து பேசித் தக்க நடவடிக்கை எடுப்போம் என்றுதான் இருந்தது. ஒருவர் போருக்கு இன்னொருவர் கட்டாயம் படை அனுப்ப வேண்டும் என்று அதில் கிடையாது. நம் தேவைக்கு அந்த அளவு போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் அதற்கு மேல் போகத் தேவையில்லை என்பது என் கட்சி.

இப்போது நேட்டோ. இரண்டு வருடத்தில் சாகும் என்பது அரட்டை. இரண்டு நூற்றாண்டுகளாகப் போரில் சேராமல் விலகி நின்ற ஸ்வீடன் 2024-ல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை உள்ள பின்லாந்து அதற்கு முந்தைய வருடமே சேர்ந்துவிட்டது. 1949-ல் 12 நாடுகள், இன்று 32. விலகுவதும் சுலபமில்லை. ஒரு வருட நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸை யாரிடம் தர வேண்டும் தெரியுமா? அமெரிக்க அரசிடம்! அமெரிக்கா விலக வேண்டுமென்றால் தனக்குத்தானே கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும். அதோடு, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ நாடாளுமன்றச் சட்டமோ இல்லாமல் அதிபர் விலக முடியாதென்று 2023 டிசம்பரிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

ஆனால் விலகாமலே ஒரு கூட்டணியைக் கொல்லலாம். எல்லோரும் சொல்லும் ஐந்தாவது ஷரத்தைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். ஒருவர் மீது தாக்குதல் எல்லோர் மீதும் தாக்குதல் என்று கம்பீரமாகத் தொடங்கும். அப்புறம், ஒவ்வொரு நாடும் ‘தான் அவசியம் என்று கருதும்’ நடவடிக்கையை எடுக்கும் என்று இறங்கிவிடும். வாஷிங்டனில் இருப்பவர் ஒரு கண்டன அறிக்கை போதும் என்று கருதினால்? வழக்குப் போட முடியுமா? இத்தனை வருடமும் அந்த வரியைத் தாங்கி நின்றது, அமெரிக்கா வரும் என்று மாஸ்கோ நம்பியதுதான்.

அந்த ஷரத்து இதுவரை ஒரே ஒரு முறைதான் பயன்பட்டது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. குட்டி நாடான டென்மார்க்கும் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. அந்த டென்மார்க்கிடம்தான் கிரீன்லாந்தைக் கொடு என்று டிரம்ப் கேட்டார். ஐரோப்பியர்களுக்குத் தூக்கம் கெட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அதனால்தான் 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில், 2035-க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள். 2014-ல் வைத்த இலக்கு 2 சதவீதம். ஸ்பெயின் மட்டும் முடியாது என்று முரண்டு பிடித்தது. இது வாஷிங்டனுக்குக் கட்டும் கப்பம் அல்ல, அவரவர் ராணுவத்துக்கு அவரவர் செலவழிப்பது. அந்த வகையில் திருவிதாங்கூர் கதை வேறு. ஆனால் அந்தப் பணத்தில் எத்தனையோ நாடுகள் வாங்குவது அமெரிக்காவின் எஃப்-35 விமானம். பிரிட்டனின் அணுகுண்டைச் சுமக்கும் டிரைடண்ட் ஏவுகணையும் அமெரிக்கச் சரக்கு. சொந்த அணு ஆயுதத்தைச் சொந்த ஏவுகணையில் வைத்திருப்பது ஐரோப்பியக் கூட்டாளிகளில் பிரான்ஸ் மட்டும்தான். 1966-ல் பிரெஞ்சு அதிபர் டிகால் நேட்டோவின் கூட்டு ராணுவத் தலைமையிலிருந்து பிரான்ஸை வெளியே எடுத்தபோது எல்லோரும் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள்.

ஆக, நேட்டோ இருக்கும். செலவு ஐரோப்பாவுடையது, சாவி அமெரிக்காவுடையது என்ற ஏற்பாட்டில் இன்னும் பல காலம் ஓடும். 1951-ல் ஐசனோவர் தொடங்கி இன்றுவரை ஐரோப்பாவில் நேட்டோ படைகளின் தலைமைத் தளபதி ஒரு அமெரிக்கர்தான். அந்த நாற்காலியில் ஒரு ஜெர்மானியரோ போலந்துக்காரரோ உட்காரும் செய்தி வந்தால், உங்கள் முதல் கேள்வியை மறுபடி அனுப்புங்கள்.