அக்கா பதில்கள்: "எப்படி செஞ்சீங்க"ன்னு கேட்டுப் பாருங்க

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயசு, ரெண்டு பசங்க, டிகிரி முடிச்சிட்டு வீட்லதான் இருக்கேன். சாதனைப் பெண்கள் பேட்டி எதப் படிச்சாலும் படிக்கிற நேரம் நல்லா இருக்கு, புக்க மூடி வச்சதும் நாம என்னத்தக் கிழிச்சோம்னு மனசு சுருங்கிப் போயிடுது. எல்லாரும் இன்ஸ்பிரேஷன் இன்ஸ்பிரேஷன்னு சொல்றாங்களே, அது எனக்கு மட்டும் ஏன்க்கா வேலை செய்யல?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: உங்ககிட்ட எந்தக் கோளாறும் இல்லம்மா. இதே மாதிரி நெறைய பேர் எழுதுறீங்க, அதனால இந்த வாரம் இதுக்கே கொஞ்சம் நீளமா பதில் சொல்லிடறேன். சாதனைப் பேட்டின்னா விருது, பதவி, மேடை, பெரிய போட்டோ இதெல்லாம்தான் முன்னாடி வந்து நிக்கும். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை அவங்க எத்தன மணிக்கு எழுந்தாங்க, பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போனாங்க, முதல் மாசம் பணம் எங்கருந்து வந்துச்சு, வீட்ல யார் திட்டினாங்க, இதெல்லாம் பெரும்பாலும் அதுல இருக்காது, ஆனா நமக்கு உதவுறது இதுதான். ஒருத்தங்க வாழ்ந்து முடிச்ச வாழ்க்கைய எடுத்து, நாம பாதில நின்னுக்கிட்டிருக்கற வாழ்க்கை பக்கத்துல வச்சா யாருக்குத்தான் மனசு சுருங்காது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டின்னா 1927, சட்டமன்றத்துக்குப் போன முதல் பெண்மணின்னு பரீட்சைக்குப் படிச்சிருப்போம். அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டு நீங்களும் நானும் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. ஆனா அவங்க தங்கச்சி புற்றுநோய்ல இறந்தது 1923-ல, அவங்க முயற்சியால அடையாறுல கேன்சர் ஆஸ்பத்திரி வந்தது 1954-ல. நடுவுல 30 வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு, அதுக்குள்ள சட்டசபை, ஆதரவில்லாத பொண்ணுங்களுக்கு அவ்வை இல்லம்னு எத்தனையோ வேலை பாத்தாங்க, ஆனா தங்கச்சிய மறக்கல. அந்த ஆஸ்பத்திரி ஆரம்பிக்கறப்ப 12 படுக்கைதான் இருந்துச்சு. அடுத்த வருஷம் அங்க வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல கண்ண மூடற வரைக்கும் அதே ஆஸ்பத்திரிதான் வாழ்க்கைன்னு இருந்தாங்க. இந்த மாதிரி படிச்சா சாந்தாம்மாவுக்குக் கெடச்ச பத்ம விபூஷண் விருது கண்ணுல படாது, ஒரு ஆள் ஒரு விஷயத்த விடாம புடிச்சுக்கிட்டு நின்னது கண்ணுல படும், அதுல கொஞ்சம் நம்மளாலயும் முடியும்னு தோணும்.

ஆனா உண்மைய சொல்லணும்னா பெரிய மனுஷிங்கள விட பக்கத்துத் தெருப் பொம்பளைதான் நம்மள அதிகமா அசைப்பா. புதுக்கோட்டைக்காரங்களுக்கு இது நல்லா தெரியும். 1991-ல அந்த மாவட்டத்துல அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சாங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு வகுப்பு எடுக்கறது. அப்ப கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். சொல்லிக் குடுக்கற தொண்டர்கள்ல பொண்ணுங்க நெறைய, உள்கிராமத்துக்கெல்லாம் போய் வரணும், பஸ்ஸ நம்பினா வேலைக்காகாது, அதனால சைக்கிள் ஓட்டக் கத்துக்கறதையும் அறிவொளி வேலையோட சேத்துட்டாங்க. ஆரம்பத்துல கேலி, அசிங்கமான பேச்சு எல்லாம் இருந்துச்சு. இருந்தும் கூலி வேலைக்குப் போறவங்க, கல்குவாரில கல் உடைக்கறவங்க, நர்ஸ், டீச்சர், ஸ்கூல் பொண்ணுங்கன்னு ஆயிரக்கணக்குல கத்துக்கிட்டாங்க.

இது எப்படி இவ்வளவு வேகமா பரவுச்சுன்னு நான் நெனச்சுப் பாப்பேன். கலெக்டர் சொன்னாங்கன்னு மட்டும் ஒருத்தி புடவைய இழுத்துச் சொருகிக்கிட்டு சைக்கிள்ல ஏறிட மாட்டா. நேத்து வரைக்கும் தன்கூட தண்ணிக்கு வரிசைல நின்னவ, தன்ன மாதிரியே மாமியார், புருஷன், பிள்ளைன்னு இருக்கறவ, இன்னைக்கு பெல் அடிச்சுக்கிட்டு தெருவுல போறாளே, அதப் பாத்துதான் ஏறியிருப்பா. ஏறிக் கத்துக்கிட்டவ அடுத்தவளுக்குப் பின்னாடி புடிச்சுக்கிட்டே ஓடினா. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துச்சு, உடனே ஜென்ட்ஸ் சைக்கிள எடுத்துக்கிட்டாங்க, அதுல முன்னாடி ஒரு பார் இருக்கும்ல, அதுல பிள்ளைய உக்கார வச்சுக்கலாம், அதனால ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வசதின்னு சொன்னவங்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நின்ன நேரம் மிச்சமாச்சு, விளைஞ்சத விக்கறதுக்கு இன்னும் ரெண்டு ஊர் கூட போக முடிஞ்சுது, தண்ணி எடுத்துட்டு வரவும் சைக்கிள்தான். கொஞ்ச மாசம் முன்னாடி பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்னு கேட்ட அதே ஊர்லதான் இதெல்லாம் நடந்துச்சு.

அதனால நீங்க இந்த வாரம் ஒன்னு செய்ங்க. உங்க தெருவுல, சொந்தத்துல, பசங்க ஸ்கூல் வாசல்ல, உங்க நெலமைக்கு ரொம்ப தூரத்துல இல்லாத ஒரு பொம்பளைய பாருங்க. உங்கள விட ஒரே ஒரு படி முன்னாடி நிக்கறவ போதும். தையல் எடுத்து தைக்கறவ, 40 வயசுல ஸ்கூட்டி கத்துக்கிட்டவ, டிஎன்பிஎஸ்சி எழுதிக்கிட்டிருக்கறவ, யாரா இருந்தாலும் சரி. சூப்பரா பண்றீங்கன்னு பாராட்டிட்டு நகந்துடாதீங்க, எப்படி செஞ்சீங்கன்னு கேளுங்க. எத்தன மணிக்கு உக்காருவீங்க, முதல் கஸ்டமர் எப்படி வந்தாங்க, பயம் வந்தப்ப என்ன பண்ணீங்க, இந்த மாதிரி. யாருமே இதெல்லாம் கேக்கறதில்ல, கேட்டா சந்தோஷமா சொல்லுவாங்க. அவங்க சொல்றதுல ஒன்ன மட்டும் எடுத்துக்கங்க, மொத்தத்தையும் தூக்கிக்கிட்டு வரவேணாம்.

ஆனா இன்னொன்னும் சொல்லியே ஆகணும். காலைல டிபன்ல ஆரம்பிச்சு ராத்திரி பாத்திரம் கழுவுற வரைக்கும் மொத்த வேலையும் உங்க தலைலதான்னா, உங்களுக்குக் கொறையறது ஊக்கம் இல்ல, நேரம். அதுக்கு பேட்டி படிச்சு பிரயோஜனம் இல்ல, வீட்டுக்காரர உக்கார வச்சு பேசுங்க, பசங்க தட்ட பசங்களே கழுவட்டும்.

கேள்வி: நான் காலேஜ் செகண்ட் இயர். கிளாஸ்ல உனக்கு இன்ஸ்பிரேஷன் யாருன்னு கேட்டாங்க, என்ன சுத்தி அம்மா, அத்தை, தெருமுனைல பூ விக்கற அக்கா, இவங்கதான் இருக்காங்க. யாரும் எதுவும் பெருசா சாதிக்கலயே, நான் யார சொல்றது?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: பூ விக்கற அக்காவையே சொல்லலாமே பாப்பா! ஒரு நாள் சாயங்காலம் கூட்டம் கொறைஞ்சதும் அவங்க பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னு பாரு. காலைல இருட்டோட மார்க்கெட்டுக்குப் போய் உதிரி மல்லி எவ்வளவு வாங்கறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். முகூர்த்த நாளா, வெள்ளிக்கிழமையா, கோயில்ல கொடையா, மழை வருமா, எல்லாத்தையும் மனசுலயே கணக்குப் போட்டுத்தான் வாங்குவாங்க. கூட வாங்கிட்டா ராத்திரிக்குள்ள வாடிப் போயிடும், கொறைச்சு வாங்கிட்டா கேட்டு வந்தவங்க அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. மார்கழில பனிக்கு மல்லி வரத்து கொறைஞ்சு விலை ஏறிடும், அப்ப வழக்கமா வாங்கறவங்க மொகம் சுளிக்காம எப்படி விலை சொல்றாங்கன்னு கவனி. கை பாட்டுக்கு கட்டிக்கிட்டே இருக்கும், வாய் உன்கிட்ட பேசும், கண்ணு ரோட்டுல போறவங்க மேல இருக்கும். முழம் போடறப்ப சின்னப் பிள்ளைன்னா ரெண்டு விரக்கட கூட விட்டுக் குடுப்பாங்க. காமர்ஸ் படிக்கிற பொண்ணா இருந்தா இதுலயே உனக்கு ஒரு ப்ராஜெக்ட் இருக்கு. அம்மாகிட்டயும் கேளு, உன் வயசுல என்னவாகணும்னு ஆசப்பட்டீங்க, ஏன் நடக்கலன்னு. அந்த பதில் உனக்குக் கண்டிப்பா தேவைப்படும்.

கேள்வி: என் ஓரகத்தி வீட்லயே கேக் செஞ்சு நல்லா சம்பாதிக்கறா. அவளப் பாத்தா எனக்கு வர்றது ஊக்கமா பொறாமையான்னே தெரியல.
- வாசகி, சேலம்

பதில்: ரெண்டும் சேந்துதான் வரும், அதுல தப்பே இல்லம்மா. அவகிட்ட போய் ஒரு கேக் ஆர்டர் டெலிவரி பண்ண கூடப் போகட்டுமான்னு கேளுங்க. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஐசிங் போட்டுட்டு காலைல கஸ்டமர் கலர் சரியில்லன்னு சொல்றத நீங்க நேர்ல பாத்தா, அவ சம்பாத்தியத்து மேல உங்களுக்கு மரியாதை வந்துடும். மரியாதை வந்துட்டா பொறாமை தானா அடங்கும்.

கேள்வி: எங்க மகளிர் குழுவுல என்ன ஊக்குநரா, அதான் குழுவ முன்ன நின்னு நடத்தறவளா, போட்டிருக்காங்க. நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன், பேங்க் மேனேஜர் முன்னாடி பேசவே நாக்கு வரல. யாரப் பாத்து தைரியம் வரவைக்கறது அக்கா?
- குழு உறுப்பினர், தர்மபுரி மாவட்டம்

பதில்: உங்க மாவட்டத்துலதான்மா 1989-ல தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழு திட்டமே ஆரம்பிச்சாங்க, அதனால உங்களுக்கு முன்னாடி இதே பயத்தோட பேங்க் படி ஏறின அம்மாக்கள் உங்க ஊர்லயே இருப்பாங்க, முதல்ல அவங்கள தேடிப் போங்க. மதுரப் பக்கம் சின்னப்பிள்ளை அம்மாவ கேள்விப்பட்டிருப்பீங்க, பொம்பளைங்க சேமிப்புக் குழுக்களோட களஞ்சியம் அமைப்புல தலைவியா இருந்தவங்க. எழுதப் படிக்கத் தெரியாது, விவசாயக் கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் போற கூலி ஆளுங்களுக்கு அவங்கதான் கொத்துத் தலைவி, அதாவது வேலைக்கு ஆள் சேக்கறது, நிலத்துக்காரங்ககிட்ட கூலி பேசறது, வாங்கின கூலிய பிரிச்சுக் குடுக்கறது எல்லாம் அவங்க பொறுப்பு. அந்தப் பழக்கம்தான் பின்னாடி குழுவுக்குத் தலைவியானப்ப கை குடுத்துச்சு. 2001-ல டெல்லில ஸ்திரீ சக்தி விருது குடுக்கறப்ப பிரதமர் வாஜ்பாய் அவங்க கால்ல விழுந்து வணங்கினாரு, 2019-ல பத்மஸ்ரீ வந்துச்சு. நீங்க வயக்காட்டுல கூலி பேசினதுண்டா, சந்தைல பேரம் பேசினதுண்டா, பேங்க்லயும் அதே வாய்தான் பேசப்போகுது.

முதல் தடவ தனியா போகாதீங்க, பிரதிநிதிங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. தீர்மான நோட்டு, சேமிப்புப் பாஸ்புக், கடன் லெட்ஜர் மூணையும் எடுத்துக்கங்க. குழு உறுப்பினருக்கே குடுக்கற உள்கடன் எவ்வளவு குடுத்தீங்க, எவ்வளவு திரும்பி வந்துச்சு, இந்த ரெண்டு கணக்க வீட்லயே சத்தமா சொல்லிப் பாத்துட்டுப் போங்க, மேனேஜர் முதல்ல அதத்தான் கேப்பாரு. போயிட்டு வந்து என்ன ஆச்சுன்னு எனக்குக் கண்டிப்பா எழுதுங்க.