கையெழுத்துக்கு முன்னால் ஏழாம் பக்கம்

வணக்கம் அக்கா,

உங்கள் பெண்ணுக்கு அந்தேரி மாடலிங் ஏஜென்சி கொடுத்த ஒப்பந்தத்தை முழுசாகப் படித்துவிட்டேன். பெண் மாடலிங் போகலாமா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை; செம்பூரில் உங்கள் வீட்டிலேயே அது போதிய அளவு நடந்திருக்கும். காசுக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

ரிஜிஸ்ட்ரேஷன், போர்ட்ஃபோலியோ (வாய்ப்புக் கேட்கக் காட்டும் படத் தொகுப்பு) என்று சேர்த்துக் கேட்கும் 60,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வேலை பிடித்துக் கொடுத்து அதில் கமிஷன் எடுப்பதுதான் ஏஜென்சியின் பிழைப்பு. முன்பணத்திலேயே வயிறு நிறைகிறவருக்கு, அவளுக்கு வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன? புதுமுகத்துக்கு முதலில் வேண்டியது மேக்கப் இல்லாமல், வெற்றுச் சுவர் முன் எடுத்த நாலைந்து படங்கள். உங்கள் போனே போதும்.

கமிஷன் 20 சதவீதம் வழக்கமானதுதான். கிளையன்ட் 1,00,000 தந்தால் ஏஜென்சிக்கு 20,000. மிச்சத்தில் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி, 10 சதவீதம்; அந்த 8,000 போக, கைக்கு 72,000. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அந்த 8,000-ஐத் திரும்ப வாங்கலாம். ஆனால் கிளையன்ட் தந்தது ஒரு லட்சமா, ஒன்றரையா? பில்லைக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பணம் வரும் தேதியும் இதில் இல்லை. இந்தத் தொழிலில் 60, 90 நாள் இழுப்பது சகஜம்.

எனக்கு உறுத்துவது ஏழாம் பக்கம். படங்களை 'எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், காலவரையின்றி' பயன்படுத்தலாமாம்! நகைக்கடை கேட்டலாக்குக்கு நின்ற படம் நாளை ஹோர்டிங்கில் ஏறும், பைசா வராது. அது போகட்டும், அந்த முகம் அங்கே தொங்கும்வரை போட்டி நகைக்கடை அவளைக் கூப்பிடாது. எந்த ஊடகம், எந்த நாடு, எத்தனை மாதம் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனியாக எழுத வேண்டும்.

மூன்று வருட எக்ஸ்க்ளூசிவை, அதாவது இவர்கள் மூலம் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்ற கட்டை, ஒரு வருடமாக்கி, 30 நாள் நோட்டீஸில் விலகும் வழி கேளுங்கள். விலகிய பிறகும் இரண்டு வருடம் வேறு ஏஜென்சி கூடாது என்பது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது. இருந்தாலும் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள், கோர்ட்டுக்கு யார் அலைவது?

அப்புறம், அவளுக்கு இன்னும் 18 ஆகவில்லை. அவள் கையெழுத்து சட்டப்படி செல்லாது என்பதால்தான் உங்களைப் போடச் சொல்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் அபராதம் அப்போது உங்கள் தலையில் விழும்.

ஞாயிறு மாலை மாட்டுங்காவில்தான் இருப்பேன். அவளையும் கூட்டி வாருங்கள், ஏழாம் பக்கத்தை அவளே படித்துவிட்டு வரட்டும்.