ஆக்கிரமித்தவருக்குப் பட்டாவா?

கேள்வி: சென்னையைச் சுற்றியுள்ள ‘பெல்ட் ஏரியா’விலும் பிற நகரங்களிலும் புறம்போக்கு நிலத்தில் குடியிருக்கும் ஏறத்தாழ 86,000 பேருக்கு ஆறு மாதத்துக்குள் பட்டா வழங்கத் தமிழக அமைச்சரவை 2025 பிப்ரவரியில் முடிவெடுத்தது. வங்கிக் கடன் வாங்கி, முத்திரைத் தீர்வை கட்டி மனை வாங்கிய என் போன்றவர்கள் ஏமாளிகளா? சட்டத்தை மீறியவருக்கு அரசே பரிசு கொடுக்கலாமா? (வாசகர், ஆவடி)

பதில்: உங்கள் மனத்தாங்கல் புரிகிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் குடும்பங்கள் அல்ல.

அவர்கள் அரசுக்குத் தெரியாமல் ஒளிந்து வாழ்ந்தவர்கள் இல்லை. அரசு நிலத்தில் இருப்பவருக்கு, 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ‘பி மெமோ’ என்ற ஆக்கிரமிப்பு அறிவிப்புத் தாள் கொடுக்கப்படுகிறது. சர்வே எண், பரப்பு, கட்ட வேண்டிய தொகை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தொகையைக் கட்டிய ரசீதுகளை, மின் கட்டண அட்டையோடும் வீட்டு வரி ரசீதோடும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பெண்களைப் புறம்போக்குத் தெருக்களில் நீங்கள் பார்க்கலாம். தம்மை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லும் அந்தத் தாள்தான், இத்தனை ஆண்டுகள் இங்கே குடியிருந்தோம் என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் வலுவான சான்று. அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் பணம் வசூலித்து, மின் இணைப்பும் குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் கொடுத்து, ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டா வாக்குறுதியையும் கொடுத்த அரசு, ஒரு தலைமுறை கடந்த பிறகு அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல முடியாது.

1962-இல் விதிக்கப்பட்ட தடையால் ‘பெல்ட் ஏரியா’வில் வீட்டுமனைப் பட்டா கொடுக்க முடியாமல் இருந்தது. அதற்குள் நகரம் அந்த எல்லையை விழுங்கிவிட்டது. வீடு கட்டவும் சாலை போடவும் வந்தவர்கள், சம்பளச் சீட்டு இல்லாததால், நீங்கள் வாங்கிய வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாதவர்கள். அவர்களுடைய கூலிக்கு எட்டும் மனையை எந்த அரசும் போதுமான அளவில் உருவாக்கித் தரவில்லை. உங்கள் மனை விலை ஏறியதற்கும் அவர்கள் புறம்போக்கில் குடிசை போட்டதற்கும் காரணம் இந்த ஒரே குறைதான்.

உங்கள் அச்சத்தில் ஒரு பகுதி மட்டும் முற்றிலும் சரி. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் ஆகியவை ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அங்கே பட்டா கூடாது. ஏரிகளைக் காக்க 2007-இல் தனிச் சட்டமே வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகும் நீர்வழியில் பட்டா கேட்பவர், அங்கே வாழ்பவருடைய உயிரையே பணயம் வைக்கிறார். ஊர்ப் பொதுநிலங்களை மீட்கச் சொன்ன 2011-ஆம் ஆண்டின் ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பில், நிலமற்ற தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்றவர்களுக்கு நிலம் தரப்பட்ட இடங்களை விதிவிலக்காகக் கருதலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஏழையின் வீடும் செல்வந்தரின் கிடங்கும் புறம்போக்கில் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல என்பதே அதன் பொருள்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. மேடையில் பட்டாவை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நில அளவையர் வந்து அளந்து, உட்பிரிவு செய்து, வட்டாட்சியர் அலுவலகக் கணக்கிலும் கணினியிலும் பெயரை ஏற்றாவிட்டால், கையில் தாள் இருந்தும் பதிவேட்டில் அந்த இடம் ‘அரசு புறம்போக்கு’ என்றே நிற்கும். வங்கியும் அந்தத் தாளைத் திருப்பித் தந்துவிடும். பழைய இலவச வீட்டுமனைப் பட்டாக்கள் பலவற்றுக்கு நேர்ந்தது இதுதான். ஒடிசா 2017-இல் கொண்டுவந்த குடிசைவாசிகள் நில உரிமைச் சட்டத்தில், உரிமை வாரிசுக்குச் சேரும், வீட்டுக் கடனுக்கு அடமானம் வைக்கலாம், ஆனால் விற்க முடியாது என்று தெளிவாக எழுதினார்கள். ட்ரோன் கொண்டு குடியிருப்புகளை அளந்தும் காட்டினார்கள். ஆறு மாதக் கெடு வைத்த தமிழக அரசு, அந்த அளவீட்டுக்கு எத்தனை நில அளவையர்களை ஒதுக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பட்டா வழங்கப்படும் சர்வே எண்களின் பட்டியலை கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒட்டச் சொல்லி நீங்களே மனுக் கொடுங்கள். அதில் ஓர் ஓடைப் புறம்போக்கு இருந்தால் ஆட்சேபணை எழுதுங்கள். இந்தப் பத்திரிகையும் உங்களோடு நிற்கும்.