வாளே பிடித்திராதவன் வரலாற்று வாள்வீச்சுக் கருத்தரங்குக்குப் போகலாமா?

தாராளமாகப் போங்கள். பணத்தைக் கட்டிவிட்டு, "அறிஞர்கள் கூடும் இடத்தில் எனக்கு என்ன வேலை?" என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். உங்கள் கேள்வியில், பழைய ஐரோப்பிய வாள்வீச்சும் மறுமலர்ச்சிக் கால கில்டுகளும், அதாவது தொழில்காரர் சங்கங்களும், பற்றிய கருத்தரங்கு என்று ஒரு வரி எழுதிவிட்டு, "சும்மா ஓர் ஆர்வம்தான்" என்று மூன்று முறை சொல்லியிருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது.

நானும் அப்படித்தான் போனேன். கோயம்புத்தூரில் 14 வருடம், அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவன். மனைவிக்கு ஜெர்மனியில் ஃபிராங்க்பர்ட்டில் நர்ஸ் வேலை கிடைத்ததால் கூடவே வந்து சேர்ந்தேன். போன இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊர் ஒன்றில் இதே பொருளில் இரண்டு நாள் கருத்தரங்கு. காலையில் உரைகள், மதியத்துக்கு மேல் பயிற்சி. வந்தவர்களில் பாதிப் பேர் பேராசிரியர்கள், மீதிப் பேர் முதுகில் நீளப் பை சுமந்தவர்கள். இரண்டிலும் சேராதவன் நான் ஒருவன்தான். காபி நேரத்தில் ஒருவர் "எதில் ஆய்வு?" என்று கேட்டார். "லேத்" என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை ஆராயத் தொடங்கிவிட்டார்.

அன்று காலை உரைகளை அவர் கவனித்திருந்தால் அப்படித் திரும்பியிருக்க மாட்டார். வாள் என்றாலே பிரபுக்களும் கவசம் பூண்ட வீரர்களும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஃபிராங்க்பர்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மாற்கு சகோதரர்கள் என்ற வாள்வீரர் சங்கத்தில் விலங்கு ரோமத் தோலில் ஆடை தைப்பவர்கள் நிறைய இருந்தார்களாம். 1487இல் புனித ரோமப் பேரரசர் மூன்றாம் ஃபிரீட்ரிக் அவர்களுக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். அவர்களிடம் தேர்வு எழுதாமல், தவறு, தேர்வில் வாள் வீசிக் காட்டாமல் எவரும் தன்னை வாள் ஆசான் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இலையுதிர் காலச் சந்தைக்கு ஊர் கூடும்போது அங்கே வந்து, ஏற்கெனவே ஆசான்களாக இருப்பவர்களோடு மோதிக் காட்ட வேண்டும். பின்னர் எழுந்த போட்டிச் சங்கமான ஃபெடர்ஃபெக்டர்களில் கத்தி செய்பவர்கள் அதிகம். அவர்களுக்கு 1607இல்தான் பேரரசர் இரண்டாம் ரூடால்ஃபின் அங்கீகாரம் கிடைத்தது. லண்டனில் இதே போன்ற சங்கத்துக்கு இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1540இல் அனுமதி கொடுத்திருக்கிறார். அங்கே 1587இல் ஆசான் பட்டம் வாங்கியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் டார்ல்டன், மேடையில் மக்களைச் சிரிக்க வைத்த கோமாளி நடிகர்!

என்னை உலுக்கியது யோவாகிம் மையரின் கதை. பேசலில் பிறந்து ஸ்ட்ராஸ்பூர்க்கில் குடியேறிய கத்தி செய்பவர். 1570இல் மரச்செதுக்குப் படங்களோடு பெரிய வாள்வீச்சு நூல் ஒன்றை அச்சிட்டார். அச்சுச் செலவுக்குக் கடன். அதை அடைக்க, வட ஜெர்மனியில் இருக்கும் ஷ்வெரினில் பிரபு ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். குளிர்காலப் பயணம். 1571 பிப்ரவரியில், சேர்ந்த சில வாரங்களுக்குள் இறந்துவிட்டார். கடன் மனைவி தலையில். இன்று உலகம் முழுக்க அந்த நூலை வைத்துத்தான் பலர் பயிற்சி செய்கிறார்கள்.

கேள்வி நேரத்தில் நான் கை தூக்கினேன். "அந்த ஆசான் தேர்வு திறமையைப் பார்க்கவா, வெளியாளைத் தடுக்கவா?" என் ஜெர்மன் வாக்கியம் முடிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றார் ஒருங்கிணைப்பாளர். ஆனால் எனக்கு முன்னால் ஒருவர் ஏழு நிமிடம் தன் பெருமையைப் பேசியபோது கடிகாரம் அந்த ஒருங்கிணைப்பாளர் கண்ணில் படவில்லை. உரையாற்றிய அம்மையார் மதியம் சூப் கிண்ணத்தோடு என் மேசைக்கே வந்து, "இரண்டுக்கும்தான்" என்றார். அதற்காகவே அவர்மேல் மரியாதை.

பிறகு பயிற்சி. ஃபெடர் என்னும் மழுங்கிய பயிற்சி வாளைக் கையில் கொடுத்தார்கள். பத்துக் கிலோ இருக்கும் என்று நினைத்தேன், ஒன்றரைக் கிலோதான். அலகு மெலிந்து நீண்டிருக்கிறது, கைப்பிடிக்குச் சற்று மேலே மட்டும் இரு பக்கமும் அகன்றிருக்கிறது. அழகுக்கு அல்ல. முன்பக்க எடையைக் குறைத்து, கைக்குப் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள். கையைக் காக்கும் குறுக்குக் கம்பியிலிருந்து நாலு விரல்கடை தள்ளி ஆள்காட்டி விரலில் வைத்தேன், ஆடாமல் நின்றது. அந்த அறையில் அதைச் செய்து பார்த்தவன் நான் மட்டும்தான். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

வாளோடு நிற்கும் நிலைகளுக்கு எருது, கலப்பை என்றெல்லாம் பெயர். வாள் நுனியைத் தரை நோக்கித் தாழ்த்தி எதிராளியை ஆசை காட்டி இழுக்கும் நிலைக்கு "முட்டாள்" என்று பெயர். அதை அறிமுகம் செய்யும் முன்பே நான் அசதியில் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். "இதோ, இவரைப் பாருங்கள்" என்றார் பயிற்சியாளர். கூடம் சிரித்தது. ஆனால் வீச்சு எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. சுத்தியலைப் போல இறுக்கிப் பிடித்ததுதான் தவறு. துளையில் மரை வெட்டும் டேப் ரெஞ்சை நினைத்துக்கொண்டேன்: ஒரு கை தள்ள, மறு கை இழுக்க. வாள் தானாகத் திரும்பியது.

"சிலம்பத்தை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் வாளுக்கு ஏன் கொடி பிடிக்கிறாய்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: சிலம்பம் சுற்றினால் கருத்தரங்குக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வன்முறையைப் புகழ்கிறேன் என்பவர்கள், அக்காலப் பொதுப் போட்டிகளில் எதிராளியின் உடம்பில் யார் அதிக உயரத்தில் ரத்தம் வரவழைத்தாரோ அவரே வென்றவர் என்பதையும் தெரிந்துகொண்டு திட்டுங்கள். இன்று முகமூடியும் மெத்தைச் சட்டையும் உண்டு.

உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே வேலைக்காக என் ஊர்ச் சான்றிதழ்களை மதிப்பிட்ட அலுவலகம், மொழிபெயர்ப்புக்கும் முத்திரைக்கும் காசு வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் காக்க வைத்து, "பகுதியளவு சமம்" என்று கடிதம் அனுப்பியது. டையும் ஜிக்கும் செய்த கை இது. ஒரு துண்டு இரும்பைக் கொடுத்து "செய்து காட்டு" என்று ஒருவரும் கேட்கவில்லை. 1487இல்கூட ஆளை எதிரே நிறுத்தி, வாளைக் கொடுத்துத்தான் சோதித்தார்கள். இப்போது ஒரு பட்டறையில் உதவியாளனாக இருக்கிறேன்.

கையுறை மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். அங்கே கொடுப்பதெல்லாம் பெரிய அளவு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்தான் எனக்கு ஜோடி. என் கட்டைவிரலில் அடித்துவிட்டு மூன்று முறை மன்னிப்புக் கேட்டார், நாலாவது வீச்சில் அதே இடத்தில் மறுபடி அடித்தார். கறுத்துப்போன நகம் இப்போதுதான் பாதி வளர்ந்திருக்கிறது.